திரை வெளுத்தால், நீலம் அடித்தால்: லினக்ஸில் மொனிற்றரைச் சீராக்குதல்

கிளிநொச்சியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, கல்யாணப் படம் திருத்தும் எந்த ஸ்ரூடியோவிலும் எழக்கூடிய முறைப்பாடு இது: திரையில் நல்ல வெளிச்சமாக இருந்த படம் பிறின்ற் எடுத்ததும் இருண்டு வருகிறது, கூறைச்சேலை திரையில் ஒரு சிவப்பு, தாளில் வேறொரு சிவப்பு. பிறின்ரரின் மையை மாற்ற முன்னர் மொனிற்றரைப் பாருங்கள். வாங்கிய நாளில் இருந்தபடியே வெளிச்சம் 100 இல் நின்றால், படம் திருத்துபவர் தன்னை அறியாமல் படத்தை இருட்டாக்கிக்கொண்டே போவார்.

லினக்ஸ் கணினியில் திரையின் வெளிச்சமும் நிறமும் மூன்று இடங்களில் மாறும். முதலாவது மொனிற்றருக்குள்ளே: பின்விளக்கும், மொனிற்றரின் சொந்த நிற அமைப்பும். இரண்டாவது கேபிள் வழியே போகும் சிக்னல். மூன்றாவது கணினியின் கிராபிக்ஸ் பகுதியில் உள்ள காமா அட்டவணை, அதாவது படத்தின் ஒவ்வொரு நிற எண்ணையும் எந்த அளவில் திரைக்கு அனுப்புவது என்ற பட்டியல். ஒரு இடத்தில் உள்ள பிழையை இன்னொரு இடத்தில் திருத்தப் போனால் படம் மேலும் கெடும். அதனால் கீழே சொல்லும் ஒழுங்கிலேயே போங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். வேறு விதமாகச் சொன்ன இடம் தவிர, ரெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

அறையும் மேசையும்

தகரக் கூரைக் கடைகளில் முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். வீதியில் விழும் வெயில் உள்ளே எறிக்கும். மொனிற்றர் வாசலைப் பார்த்து நின்றால் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். வாசல் மொனிற்றருக்குப் பின்னால் இருந்தால் கண் வெளி வெளிச்சத்துக்குச் சுருங்கி, திரை இருண்டதுபோல் தோன்றும். உடனே கை வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வாசலும் யன்னலும் திரைக்குப் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். நிறம் பார்த்து வேலை செய்யும் இடமென்றால், திரைக்குப் பின்னால் உள்ள சுவருக்குக் கடும் பச்சையோ நீலமோ பூச வேண்டாம். மேலே எரியும் பல்பின் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருப்பது, அதாவது 'கூல் டேலைற்' வகை, இந்த வேலைக்குப் பொருந்தும்.

சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதிப் புழுதி திரையில் மெல்லிய படலமாகப் படியும். அதுவும் கறுப்பை வெளுக்கச் செய்யும். மொனிற்றரை நிற்பாட்டி, உலர்ந்த மென்துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும்.

மொனிற்றரின் சொந்தப் பொத்தான்கள்

கணினியில் எதையும் தொட முன்னர் இங்கே தொடங்குங்கள். மொனிற்றரைப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். பழைய, ரியூப் வகைப் பின்விளக்கு உள்ள மொனிற்றர்களுக்கு இது மிக அவசியம். பின் மெனுவில் 'ரீசெற்' கொடுத்து, முன்பு யாராவது திருகியதை அழித்துவிடுங்கள். 'டைனமிக் கொன்ட்ராஸ்ட்', 'ஈகோ', 'லோ புளூ லைற்', 'மூவி', 'கேம்' என்பவற்றை நிற்பாட்டுங்கள். இவை படத்துக்கேற்பத் தாங்களாகவே வெளிச்சத்தையோ நிறத்தையோ மாற்றுவன. இவை ஓடிக்கொண்டிருக்கும்வரை வேறெந்த அளவும் நிலையாக நிற்காது.

அடுத்தது நிற வெப்பநிலை. பல மொனிற்றர்கள் 'கூல்' அல்லது 9300 கெல்வினில் வரும்; வெள்ளை நீலமடிக்கும். 6500 என்று இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். எண் இல்லாமல் 'வோம்', 'நோர்மல்', 'கூல்' மட்டுமே இருந்தால் 'நோர்மல்', 'வோம்' இரண்டையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியவுடன் திரை மஞ்சளாகத் தெரியும். கண் நீலத்துக்குப் பழகியிருப்பதால் வரும் தோற்றம் அது. கால் மணித்தியாலம் அப்படியே வேலை செய்தால் வெள்ளையாகிவிடும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். லிப்ரேஒபிஸில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து, அறையின் வழக்கமான வெளிச்சத்தில் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை ரியூப் லைற் மாதிரி எரிந்தால் குறையுங்கள். தாளும் திரையும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பெட்டியில் 250 காண்டெலா (வெளிச்சத்தின் அலகு) என்று போட்ட மொனிற்றர்கள் ஏராளம். பிறின்றுக்காகப் படம் திருத்தும்போது தேவைப்படுவது சதுர மீற்றருக்கு 80 முதல் 120 காண்டெலா வரைதான். அதனால் மெனுவில் எண் 25க்கும் 45க்கும் இடையில் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். மாரியில் மப்பு மூடிய நாளில் ஒரு அளவும் வெயில் நாளில் இன்னொரு அளவும் தேவைப்படும். இரண்டு எண்களையும் எழுதி மேசையில் ஒட்டிவிடலாம்.

கொன்ட்ராஸ்டைத் தொழிற்சாலை அளவிலேயே விடுங்கள். கூட்டினால் வெள்ளைப் பகுதிகளின் நுணுக்கம் அழியும்: மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்புத் தெரியாமல் போவது இதனால்தான். 'ஷார்ப்னஸ்' கூடினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்; அது மறையும்வரை குறையுங்கள்.

இவை மொனிற்றரின் நினைவில் பதிவாவதால் கரண்ட் நின்று வந்தாலும், லினக்ஸைப் புதிதாகப் போட்டாலும் பொதுவாக அப்படியே இருக்கும். கரண்ட் அடிக்கடி நிற்கும் இடத்தில் இது பெரிய உதவி. பின்விளக்கைக் குறைத்தால் யூபிஎஸ்ஸோ சோலார் பற்றரியோ கூட நேரம் தாக்குப்பிடிக்கும்.

நீல முனை கேபிள்

விஜிஏ கேபிள் பாவிக்கிறீர்கள் என்றால், நிறம் கெட்டதும் முதலில் தொட வேண்டியது அதைத்தான். முதல் மூன்று ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். வெள்ளைத் திரை மஞ்சளாகிவிட்டால் நீலம் வரவில்லை. மெஜந்தா, அதாவது நாவற்பழ ரோசா நிறம் அடித்தால் பச்சை வரவில்லை. வெளிர் நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. கழற்றிப் பாருங்கள்: ஊசி வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்தி, இரு பக்கத் திருகாணிகளையும் இறுக்குங்கள். மென்பொருளால் இதைச் சரிக்கட்ட முடியாது.

எழுத்து மங்கி நடுங்கினால், எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்க வைத்துக்கொண்டு மொனிற்றரில் 'ஓட்டோ அட்ஜஸ்ட்' அழுத்துங்கள். கறுப்புப் பின்னணியில் அழுத்தினால் படத்தின் விளிம்பை மொனிற்றர் சரியாகக் கண்டுபிடிக்காது.

கணினியிலிருந்தே மொனிற்றரின் மெனுவை மாற்றுதல்

மொனிற்றரின் பொத்தான் பழுதாகியிருக்கலாம். அல்லது ஒரு ஆய்வுகூடத்தில் இருபது மொனிற்றரை ஒரே அளவில் வைக்க வேண்டியிருக்கலாம். அப்போது டிடிசியூடில் என்ற மென்பொருள் கைகொடுக்கும். டி, டி, சி, யு, ரி, ஐ, எல் (ddcutil) என்று தட்டுங்கள். கேபிளுக்குள் ஓடும் ஒரு சிறிய தகவல் வழியூடாக அது மொனிற்றருடன் பேசி, உண்மையான பின்விளக்கையே மாற்றும்.

டெபியன், உபுந்து, மின்ட் மூன்றிலும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிடிசியூடில்' கொடுத்தால் வந்துவிடும். நெற் குறைவென்றாலும் கவலையில்லை, சிறிய பொதிதான். மொனிற்றர் மெனுவில் டிடிசி/சிஐ என்ற தெரிவு 'ஒன்' இல் இருக்க வேண்டும். பிறகு 'சூடோ மொட்புறோப் ஐ2சி-டெவ்', அதன் பின் 'சூடோ டிடிசியூடில் டிடெக்ட்'. மொனிற்றரின் பெயர் வந்தால் வழி திறந்துவிட்டது.

'டிடிசியூடில் கெட்விசிபி 10' இப்போதைய வெளிச்சத்தையும் உச்ச அளவையும் சொல்லும். 'டிடிசியூடில் செட்விசிபி 10 35' அதை 35 ஆக்கும். எண் 10 வெளிச்சம், 12 கொன்ட்ராஸ்ட், 14 நிற வெப்பநிலைத் தெரிவு. 14க்கு 5 என்று கொடுத்தால் 6500 கெல்வின். அந்தத் தெரிவு உள்ள மொனிற்றரில்தான் வேலை செய்யும். சிவப்பின் அளவு 16, பச்சை 18, நீலம் 1ஏ. இவை 'யூசர்' நிலையில்தான் பெரும்பாலும் அசையும். இரண்டு மொனிற்றர் இருந்தால் கட்டளையில் இரட்டைக் கோடு போட்டு 'டிஸ்பிளே 2' என்று சேருங்கள்.

சூடோ இல்லாமல் ஓடாவிட்டால் உங்கள் பயனர் பெயரை ஐ2சி குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு மொனிற்றரைக் காணவில்லை என்றால், இடிசி (ஈ, ரி, சி) கோப்புறைக்குள் 'மொடியூல்ஸ்-லோட்.டி' என்ற உட்கோப்புறையில் ஒரு சிறு கோப்பை உண்டாக்கி 'ஐ2சி-டெவ்' என்று ஒரே வரி எழுதிவிடுங்கள். 'கொன்ஃப்' என்ற விகுதியில் கோப்பின் பெயர் முடிய வேண்டும். இல்லாவிட்டால் கணினி அதை வாசிக்காது.

எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சிறிய கொன்வேட்டர் நடுவில் இருந்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் அந்தப் பக்கம் போகாது. 'டிடெக்ட்' மொனிற்றரைக் கண்டாலும் கட்டளை பிழைத்தால் அந்தக் கொன்வேட்டரைச் சந்தேகியுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சில மொனிற்றர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் நிரந்தர நினைவில் எழுதும். சில வினாடிகளுக்கு ஒருமுறை வெளிச்சத்தை மாற்றும் தானியங்கி நிரல்களை ஓடவிட வேண்டாம்.

கட்டளை பிடிக்காதவர்களுக்கு: கேடிஈ பிளாஸ்மா 6 டெஸ்க்ரொப் இந்த வழியையே பாவித்து, கீழ்ப்பட்டியில் உள்ள வெளிச்ச வழுக்கியால் வெளி மொனிற்றரையும் மாற்றுகிறது.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா?

எச்டிஎம்ஐ கேபிளில் கணினியைக் கொழுவியதும் திரை வெளுத்துத் தெரிவது தனி நோய். கணினிப் படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி தொலைக்காட்சி மரபில் அனுப்பி, மொனிற்றர் கணினி மரபில் வாசித்தால் 16 என்பது சாம்பலாகும், வெள்ளையும் மங்கும். மறுபுறம், கணினி முழு அளவில் அனுப்பி ரீவி குறுகிய அளவில் வாசித்தால் 16க்குக் கீழே உள்ள இருட்டெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிவிடும்: தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒன்றாகும்.

சோதிப்பது சுலபம். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் கறுப்புப் படம் ஒன்றை உண்டாக்கி, அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 4, 8, 12, 16, 20 என்ற அளவில் வரிசையாகச் சதுரங்கள் நிரப்புங்கள். இன்னொரு வெள்ளைப் படத்தில் 253, 250, 245, 240 சதுரங்கள். இருட்டறையில் 8 அளவுள்ள சதுரம் மங்கலாகவேனும் தெரிய வேண்டும். வெள்ளைப் பக்கம் 250 பிரிந்து தெரிய வேண்டும். 16 வரை எதுவுமே தெரியாவிட்டால் அளவு பொருந்தவில்லை. எல்லாச் சதுரமும் தெரிந்தும் பின்னணிக் கறுப்பே சாம்பலாக இருந்தால், அது எதிர்ப்பக்கப் பொருந்தாமை.

முதலில் மொனிற்றர் மெனுவில் 'ஆர்ஜிபி றேஞ்', 'பிளாக் லெவல்' அல்லது 'பிசி/ஏவி' என்ற தெரிவைத் தேடுங்கள். 'ஃபுல்' அல்லது 'பிசி' யில் வையுங்கள். அப்படி ஒன்று இல்லை, கிராபிக்ஸ் இன்டெல், அமர்வு எக்ஸ் 11 (லினக்ஸ் திரையில் படம் காட்டும் பழைய முறை; புதியது வேலண்ட்) என்றால் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் 'புறோட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற பண்பை 'ஃபுல்' ஆக்கலாம். எக்ஸ்ரேண்டரை மட்டும் தட்டினால் வரும் பட்டியலில் உங்கள் இணைப்பின் பெயர் இருக்கும், எச்டிஎம்ஐ-1 என்பதுபோல. அந்தப் பெயரை 'அவுட்புட்' இன் பின்னும், பண்பையும் பெறுமதியையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் 'செட்' இன் பின்னும் கொடுங்கள். 'அவுட்புட்', 'செட்' இரண்டுக்கும் முன்னால் இரட்டைக் கோடு வர வேண்டும். இங்கே மட்டும் பெரிய எழுத்தும் முக்கியம்: பண்பை "Broadcast RGB" என்றும் பெறுமதியை "Full" என்றும், இணைப்பின் பெயரைப் பட்டியலில் உள்ளபடியும் தட்டுங்கள்.

அமர்வு எக்ஸ் 11 ஆ வேலண்டா என்பதை உபுந்துவில் செற்றிங்ஸின் 'எபவுட்' பகுதி சொல்லும். லினக்ஸ் மின்ட் சினமன் வழக்கமாக எக்ஸ் 11. உபுந்துவின் புதிய பதிப்புகள் வேலண்ட். வேலண்டில் எக்ஸ்ரேண்டரால் நிறத்தையோ வெளிச்சத்தையோ மாற்ற முடியாது. ஓடியும் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவோர் முதலில் இதைப் பாருங்கள்.

எக்ஸ்ரேண்டரின் 'பிறைற்னஸ்' ஏன் வேண்டாம்

நெற்றில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: எக்ஸ்ரேண்டரில் 'பிறைற்னஸ் 0.7' கொடுங்கள் என்பார்கள். திரை இருளும், உண்மை. ஆனால் பின்விளக்கு முழு அளவில் எரிந்துகொண்டே இருக்கும். படத்தின் எண்களை மட்டும் 0.7 ஆல் பெருக்குகிறது. 256 படிகள் ஏறத்தாழ 180 ஆகச் சுருங்கும். பின்னேர வானத்தின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரியும். கறுப்பில் கசியும் வெளிச்சம் குறையாமல் வெள்ளை மட்டும் குறைவதால் படம் சோர்ந்துபோகும். கரண்ட் மிச்சமும் இல்லை. 1க்கு மேலே கொடுத்தால் வெளிச்சமான பகுதிகள் வெள்ளையாக எரிந்துபோகும். மொனிற்றரின் பொத்தானும் டிடிசியூடிலும் இரண்டுமே கைவிட்ட நிலையில், எழுத்து வேலைக்கு மட்டும் இதைப் பாவிக்கலாம்.

காமா

கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பதே காமா. இதைச் சோதிக்கவும் ஜிம்ப் போதும். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கிடைக்கோடுகளால் ஒரு சதுரத்தை நிரப்பி, அதன் நடுவில் 186 சாம்பல் நிறச் சிறு சதுரம் ஒன்றை வையுங்கள். திரை தன் இயல்பான ரெசலூஷனிலும், பெருப்பிப்பு இல்லாமலும், படம் 100 சதவீதத்திலும் இருக்க வேண்டும். ஒரு பாகம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நடுச் சதுரம் சுற்றியுள்ள கோடுகளுடன் கரைந்தால் காமா 2.2, சரி. சதுரம் வெளிச்சமாகத் தெரிந்தால் காமா குறைவு. இருளாகத் தெரிந்தால் காமா அதிகம்.

மொனிற்றர் மெனுவில் காமா இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். எக்ஸ் 11 இல் எக்ஸ்ரேண்டரின் 'காமா' தெரிவும் உதவும்: சதுரம் வெளிச்சமானால் 0.9:0.9:0.9, இருளானால் 1.1:1.1:1.1 என்று தொடங்கி 0.05 ஆக நகருங்கள். இது மறுதொடக்கத்தில் அழிந்துவிடும், அதனால் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' இல் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். மலிவான டிஎன் வகைத் திரைகளில் தலையை மேலே கீழே அசைத்தாலே காமா மாறும். கதிரையின் உயரத்தையும் திரையின் சாய்வையும் நிலைப்படுத்திய பிறகே சோதியுங்கள்.

சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கண்ணால் திருத்தும்போது கூடியதைக் குறையுங்கள், எதையும் கூட்ட வேண்டாம். சாம்பல் நீலமடித்தால் நீலத்தை 100 இலிருந்து 98, 96 என்று இறக்கிப் பாருங்கள்.

லப்ரொப்பில் வெளிச்ச விசை வேலை செய்யாவிட்டால்

லப்ரொப் திரைக்கு டிடிசியூடில் சரிவராது. அதன் பின்விளக்கை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலே ஆளும். 'பிறைற்னஸ்சிடிஎல் செட் 40%' என்ற கட்டளை வேலை செய்தால் விசையில்தான் பிழை. அதுவும் வேலை செய்யாவிட்டால் கேர்னல் தவறான வழியைத் தெரிவுசெய்திருக்கலாம். கணினி தொடங்கும்போது குரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'ஏசிபிஐ_பாக்லைற்=நேட்டிவ்' என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. சரிவராவிட்டால் 'நேட்டிவ்' க்குப் பதில் 'வெண்டர்', அடுத்து 'வீடியோ' என்று முயலுங்கள். சரிவந்த பிறகே குரப்பின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி 'சூடோ அப்டேட்-குரப்' கொடுங்கள். வெளிச்சத்தை 0 ஆக்கினால் சில லப்ரொப்களில் திரை முற்றாக அணையும்; ரோச் லைற்றைச் சாய்வாகப் பிடித்தால் படம் மங்கலாகத் தெரியும், அந்த வெளிச்சத்தில் கட்டளையைத் தட்டி மீட்கலாம்.

இரவு நிறம்

இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் வசதி இது: குனோமிலும் கேடிஈயிலும் 'நைற் லைற்' (கேடிஈயின் பழைய பதிப்புகளில் 'நைற் கலர்'), எக்ஸ் 11 இல் ரெட்ஷிஃப்ற். ரெட்ஷிஃப்றுக்குக் கிளிநொச்சியின் இடமாக 9.4:80.4 (அகலாங்கு:நெட்டாங்கு) கொடுங்கள், வவுனியாவுக்கு 8.75:80.5. நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னும், ஜூலையில் ஆறரையை ஒட்டியும் பொழுது படுவதால், ஆறு மணி என்று நிலையாக வைத்தாலும் பெரிய குறை இல்லை. படம் திருத்தும்போது இதைக் கட்டாயம் நிற்பாட்டுங்கள். இதுவும் காமா அட்டவணையையே எழுதுகிறது. எக்ஸ்ரேண்டரின் காமா, நிற விவரக்கோப்பின் திருத்தம், ரெட்ஷிஃப்ற் மூன்றும் ஒரே அட்டவணைக்குப் போட்டியிட, கடைசியாக எழுதியதே நிற்கும். காலையில் வைத்த காமா பின்னேரம் காணாமல் போவதன் காரணம் இதுதான்.

நிறக்கோளாறு படத்தில் உள்ளதா திரையில் உள்ளதா என்று சந்தேகமென்றால் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். பின்விளக்கும் காமா அட்டவணையும் ஸ்கிரீன்ஷொட்டில் பதியாது. தொலைபேசியில் படம் சரியாகத் தெரிந்தால் படத்தைத் தொடாதீர்கள்.

நிற விவரக்கோப்பு

மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகே ஐசிசி விவரக்கோப்புக்கு, அதாவது உங்கள் மொனிற்றர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்புக்கு, வாருங்கள். குனோமிலும் சினமனிலும் செற்றிங்ஸில் 'கலர்' பகுதியில் மொனிற்றரைத் தெரிந்து, கோப்பைச் சேர்க்கலாம். உற்பத்தியாளரின் டிரைவர் பொதிக்குள் ஐசிஎம் என்ற விகுதியுடன் ஒரு கோப்பு இருந்தால் அதையே சேர்க்கலாம், ஓரளவு பொருந்தும். அதே மாதிரி மொனிற்றருக்கு வேறொருவர் அளந்து ஏற்றிவிட்ட கோப்பு வேண்டாம்: அவருடைய வெளிச்ச அளவும் பின்விளக்கின் வயதும் வேறு. ஸ்ரூடியோக்கள் நாலைந்து சேர்ந்து ஒரு கலரிமீற்றரை (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவி) வாங்கி மாறி மாறிப் பாவிப்பது நல்ல வழி. டிஸ்பிளேகால் மென்பொருளில் 6500 கெல்வின், காமா 2.2, 100 காண்டெலா என்று இலக்கு வைத்து அளக்கலாம். இதற்கு எக்ஸ் 11 அமர்வே வசதி. அளந்த பிறகு மொனிற்றரின் பொத்தானைத் தொட்டால் அந்தக் கோப்பு செல்லாது, மீண்டும் அளக்க வேண்டும்.

கருவி கிடைக்கும்வரை ஒரு நம்பகமான பிறின்றை வைத்துச் சரிபாருங்கள். பல நிறத் தோல், கூறைச் சிவப்பு, நெல் வயல் பச்சை, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புக் கோட் எல்லாம் உள்ள ஒரு படத்தை நல்ல லாபில் பிறின்ற் எடுத்து, அதே கோப்பைத் திரையில் திறந்து, ரியூப் லைற்றின் கீழ் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பிறின்றை வெயில் படாத உறையில் வையுங்கள். வெளுத்துப்போன பிறின்ற்றுக்குத் திரையைப் பொருத்தினால் புதுப் படங்களெல்லாம் வெளுத்தே வரும்.